அம்மாவின் ஊக்கு: சருமத்தைத் தொடும் பொருள்களைப் பற்றி

(மூத்தோருக்கான சருமப் பராமரிப்பு நிகழ்ச்சியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல, தாதியும் அல்ல. சுகாதாரக் குறிப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர். பலதுறை மருந்தகத்தில் உங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை எடுத்துப் புரட்டுகிறீர்களே, அந்தக் கையேடுகளில் சில என் மேசையைத் தாண்டி வந்தவைதான். இன்று நான் பேச வந்ததற்குக் காரணம் என் அம்மா. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 68 வயது. அவருடைய தாலிச் சங்கிலியில் எப்போதும் நான்கைந்து ஊக்குகள் தொங்கும். சேலை மடிப்புக்கு ஒன்று, ரவிக்கைக் கொக்கி அறுந்தால் ஒன்று, கோயிலில் யாராவது அவசரமாகக் கேட்டால் கொடுக்க ஒன்று. இங்கே இருக்கும் அம்மாமார்கள் சிரிப்பதைப் பார்த்தால், பல பேர் சங்கிலியில் இப்போதும் இருக்கிறது போல.

அம்மாவுக்கு நெஞ்சில் ஓர் இடத்தில் மூன்று வருடமாக அரிப்பு. சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பி, சில நாள் நீர் கசிந்து, பிறகு தோல் தடித்துக் கறுத்துப்போனது. அவர் "உடம்புச் சூடு" என்றார். மஞ்சள் பூசினார், தேங்காய் எண்ணெய் தடவினார், தைலம் தேய்த்தார். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பெயர் தெரியாத கிரீமையும் போட்டார். மருத்துவரிடம் மட்டும் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் சரும ஒவ்வாமை பற்றிய ஒரு கையேட்டை மொழிபெயர்த்தேன். பெருமையோடு அம்மாவிடம் கொடுத்தேன். அதில் "உலோக ஒவ்வாமை" என்று எழுதியிருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா நான் என்ன இரும்புப் பட்டறையிலயா வேலை பார்த்தேன்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "உலோகம்" என்ற சொல் சரியான சொல்தான். ஆனால் அதைப் படித்தவுடன் அம்மாவுக்கு ஊக்கு நினைவுக்கு வரவில்லை. அதனால் இன்று அந்தக் கையேட்டில் இருப்பதையே, நம் வீட்டுப் பொருள்களின் பெயரைச் சொல்லிப் பேசப்போகிறேன்.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு, நஞ்சு வேறு

நம் சருமத்துக்கு வெளிப் பொருள்களால் வரும் தொல்லைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது எரிச்சல். பாத்திரம் கழுவும் சோப்பு, தரை துடைக்கும் திரவம் போன்றவை அடிக்கடி பட்டால் யாருடைய கையும் காய்ந்து வெடிக்கும். வயதாக ஆகத் தோல் மெலிந்து காய்வதால் நமக்கு இது சீக்கிரம் வரும்.

இரண்டாவது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. இது எல்லாருக்கும் வராது. ஒரு பொருளை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரி என்று தவறாக நினைத்துக்கொண்டு சண்டை போடுவதுதான் ஒவ்வாமை. இதில் இரண்டு விஷயங்கள் நம்மை ஏமாற்றும். ஒன்று, அந்தப் பொருள் பட்ட உடனே அரிக்காது. பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அரிக்கும். ஞாயிற்றுக்கிழமை போட்ட நகைக்குச் செவ்வாய்க்கிழமை அரித்தால், திங்கட்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காய்மேல் பழி போடுவோம். இன்னொன்று, பல வருடம் ஒன்றும் செய்யாத பொருள்கூட ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். "முப்பது வருஷமா இதைத்தானே போடுறேன்" என்று சொல்லி ஒரு பொருளைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட முடியாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். ஆனால் அந்தப் பொருளை விலக்கினால் தோல் ஆறிவிடும்.

மூன்றாவது நஞ்சு. பாதரசம், ஈயம், ஆர்செனிக் போன்றவை போதிய அளவு உள்ளே போனால் யாருக்கும் கேடுதான். தோலில் அடையாளம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். சிறுநீரகம், நரம்பு போன்ற உள்ளுறுப்புகள்தான் பாதிக்கப்படும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிக்கல்: ஊக்கு, கவரிங், பொத்தான்

உலகெங்கும் சருமப் பரிசோதனைகளில் மிக அதிகமாகத் தெரியவரும் ஒவ்வாமைகளில் முதன்மையானது நிக்கல் ஒவ்வாமை. பளபளப்புக்காகவும் துரு பிடிக்காமல் இருக்கவும் மலிவான பொருள்களில் நிக்கல் பூசுவார்கள். ஊக்கு, கவரிங் தோடு, கவரிங் வளையல், கைக்கடிகாரத்தின் பூட்டு, இடுப்பு வாரின் கொக்கி, ஜீன்ஸ் பொத்தான், மூக்குக்கண்ணாடியின் சட்டம் ஆகியவற்றில் இது இருக்கலாம்.

வியர்வை நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தோலுக்குள் அனுப்பும். நம் ஊர் வெயிலில் வியர்வைக்குப் பஞ்சமே இல்லை. தொப்புளுக்குக் கீழே வட்டமாக அரித்தால் பொத்தானையும் வாரையும் பாருங்கள். காது மடல் புண்ணானால் தோட்டைப் பாருங்கள். மணிக்கட்டில் அரித்தால் கடிகாரத்தைப் பாருங்கள். அரிக்கும் இடமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

பொட்டும் குங்குமமும்

ஒட்டுப்பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்பு வந்தால், பொட்டின் பின்னால் உள்ள பசை காரணமாக இருக்கலாம். சில பசைகளில் உள்ள ஒரு வேதிப்பொருள் தோலின் நிறத்தை உண்டாக்கும் அணுக்களையே கெடுத்துவிடும். அப்போது நெற்றியில் பொட்டு வடிவத்திலேயே வெள்ளைத் தழும்பு விழும். இதைப் பார்த்துப் பயந்து, வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, இன்னும் பெரிய பொட்டாக வைத்து மறைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வெள்ளை பரவத்தான் செய்யும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல இது. பொட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டுச் சீக்கிரம் மருத்துவரிடம் காட்டினால், நிறம் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

குங்குமத்தைப் பொறுத்தவரை, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்வது பழைய முறை. கடையில் விற்கும் எல்லாச் சிவப்புப் பொடியும் அப்படிச் செய்யப்பட்டதல்ல. செயற்கைச் சாயத்தால் சிலருக்கு நெற்றி அரித்துக் கறுத்துப்போகும். சில குங்குமப் பொடிகளில் ஈயம் இருப்பதும் வெளிநாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அதனால் குங்குமம் வைத்த விரலைக் கழுவாமல் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டாம். குங்குமச் சிமிழும் சின்னக் கைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

தலைச்சாயமும் கறுப்பு மருதாணியும்

ஐயாமார்களும் இதைக் கேட்க வேண்டும். மீசைக்குச் சாயம் போடுபவர்கள் குறைவா என்ன!

கறுப்புத் தலைச்சாயங்கள் பலவற்றில் பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வேதிப்பொருள் இருக்கிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலையைவிட முகம், கண் இமை, காது, கழுத்து ஆகியவைதான் அதிகம் வீங்கும். "மூலிகை" என்று எழுதியிருந்தாலும் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் மருந்தாளரிடமோ பிள்ளைகளிடமோ படிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் சொல்லியிருப்பதுபோல் முதலில் சிறிதளவு தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அரித்தால் அந்தச் சாயம் உங்களுக்கு வேண்டாம். அரிக்காவிட்டாலும் முழு உத்தரவாதம் என்று நினைத்துவிடக்கூடாது.

மருதாணி இலை தரும் நிறம் ஆரஞ்சிலிருந்து பழுப்புச் சிவப்புவரைதான். அதற்குப் பல மணி நேரம் ஆகும். அரை மணியில் கன்னங்கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் அதில் சாயம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். தீபாவளிச் சந்தையில் பேத்தி ஆசையாகக் கையை நீட்டுவாள். அன்றைக்கு அந்தக் கறுப்பு மருதாணியால் அவளுக்கு ஒவ்வாமை உண்டானால், பிற்காலத்தில் தலைச்சாயம் போடும்போது கடுமையாகத் தாக்கலாம். சிவக்கும் மருதாணியே போதும் என்று பாட்டி தாத்தா சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

சிமெண்டும் செருப்பும்

உங்களில் சிலர் இந்த ஊரின் அடுக்குமாடிகளைக் கட்டிய கைகளுக்குச் சொந்தக்காரர்கள். ஈரச் சிமெண்ட் தோலைச் சுட்டுவிடும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதோடு சிமெண்டில் குரோமியம் என்ற உலோகமும் மிகக் குறைந்த அளவில் கலந்திருக்கும். அதனால் ஒவ்வாமை வந்தவர்களுக்குக் கை வெடித்துப் புண்ணாகும். வேலையை விட்ட பிறகும் பல வருடம் தொல்லை நீடிக்கலாம். டென்மார்க்கில் 1980களின் தொடக்கத்திலேயே சிமெண்டில் ஓர் இரும்புச் சத்தைக் கலந்து குரோமியத்தின் வீரியத்தைக் குறைத்தார்கள். 2005 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இதற்குச் சட்ட வரம்பு வந்தது. அதன்பின் அங்கே இந்த நோய் குறைந்தது.

இதே குரோமியத்தைக் கொண்டுதான் பெரும்பாலான தோல் பொருள்களைப் பதனிடுகிறார்கள். செருப்பு வார் படும் இடத்தில் மட்டும் பாதம் அரித்தால், செருப்பின் தோலோ ரப்பரோ காரணமாக இருக்கலாம். அதைச் சேற்றுப்புண் என்று நினைத்து மருந்து போட்டுக்கொண்டே இருந்தால் ஆறாது. நீரிழிவு உள்ளவர்கள் காலில் எந்தப் புண் வந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

வெள்ளையாக்கும் கிரீம்

இனி நஞ்சுக்கு வருகிறேன்.

"ஒரே வாரத்தில் முகம் வெள்ளையாகும்" என்று சொல்லும் சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் தோலில் கருநிறம் உண்டாவதைத் தடுப்பதால் முதலில் முகம் வெளுப்பது உண்மைதான். ஆனால் அது தோல் வழியாக இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் நுரைத்துப் போவது, கால் வீங்குவது, கை நடுங்குவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் எரிச்சலும் கோபமும் வருவது ஆகியவை அடையாளங்கள். நமக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் என்று இவற்றைத் தள்ளிவிடுவோம். பூசியவர் மட்டுமல்ல, அதே வீட்டில் இருப்பவர்களும் பாதிக்கப்படலாம். பாதரசம் ஆவியாகும், துண்டிலும் தலையணையிலும் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஆசியான் நாடுகளின் விதிப்படி அழகுப்பொருளில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதை மீறிய கிரீம்களைப் பற்றிச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்கள். ஆனாலும் அவை இணையத்திலும், தெரிந்தவர் மூலமும், முகவரி இல்லாத டப்பாக்களிலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தயாரித்தவர் பெயரும் சேர்மானப் பட்டியலும் இல்லாத கிரீமை முகத்தில் பூசாதீர்கள். பூசிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, டப்பாவை இறுக மூடிப் பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்துப் பார்க்க முடியும்.

மருந்து என்ற பெயரில்

சிங்கப்பூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆஸ்துமாவுக்கு என்று விற்கப்பட்ட சில பாரம்பரிய மருந்துகளைச் சாப்பிட்டு, ஆர்செனிக் நஞ்சு ஏறிய 74 பேரைப் பற்றி இங்குள்ள மருத்துவர்கள் 1975-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆர்செனிக் என்பது நம் வழக்கில் பாஷாணம். அது உடம்பில் சேர்ந்தால், புழுதி மண்ணில் மழைத்துளி விழுந்ததுபோல் தோலில் கருமையும் வெளுப்புமாகப் புள்ளிகள் தெரியும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆணிபோல் கடினமான முடிச்சுகள் கிளம்பும். பல வருடம் கழித்துப் புற்றுநோயாகவும் மாறலாம்.

நம் பாரம்பரிய மருந்துகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் பாட்டி கொடுத்த கஷாயத்தைக் குடித்து வளர்ந்தவள்தான் நானும். ஆனால் பஸ்பம், செந்தூரம் என்று வருபவற்றில் சில, உலோகங்களிலிருந்தே செய்யப்படுகின்றன. அமெரிக்காவின் போஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். 14 பொருள்களில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த பொட்டலமாக இருந்தாலும், சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று நினைக்க வேண்டாம். தெரிந்தால்தான் அவர்களால் சரியான பரிசோதனை செய்ய முடியும்.

முதுகில் ஒட்டும் பரிசோதனை

என் அம்மாவை ஒருவழியாகப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து சரும நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் செய்யச் சொன்னது ஒட்டுப் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. ஒவ்வாமை தரக்கூடிய பல பொருள்களைத் துளித்துளியாக வைத்து முதுகில் பட்டையாக ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடியும் ஓரிரு நாள் கழித்துப் பார்ப்பார்கள். எந்த இடம் சிவந்து தடித்திருக்கிறதோ, அந்தப் பொருள்தான் ஆகாதது. அந்த நாள்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது, அதிகம் வியர்க்கவும் கூடாது. சில மருந்துகள் முடிவை மாற்றிவிடும். அதனால் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை முன்னதாகவே சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

அம்மாவின் முதுகில் சிவந்தது நிக்கல். மருத்துவர் அவருடைய சங்கிலியைப் பார்த்தார். ஊக்குகளைக் காட்டி, "இதையெல்லாம் எடுத்துவிடுங்கள், அம்மா" என்றார்.

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "தாலி?" என்று கேட்டார்.

"தாலி இருக்கட்டும். பிரச்சினை ஊக்கில்தான்," என்றார் மருத்துவர். 22 காரட் தங்கத்தில் பொதுவாகச் செம்பும் வெள்ளியும்தான் கலப்பார்களாம். தங்கமே ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலர் உண்டு என்றும், அம்மாவின் பரிசோதனையில் அப்படி எதுவும் தெரியவில்லை என்றும் விளக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அம்மா சொன்னார்: "கழற்றச் சொல்லிடுவாங்களோன்னு பயந்துதான்மா நான் போகவே இல்லை." மூன்று வருடம் என் அம்மா அந்த அரிப்பைப் பொறுத்துக்கொண்டது இந்த ஒரு பயத்தால்தான். பக்கத்து அறையில் உட்கார்ந்து அதே நோயைப் பற்றி மொழிபெயர்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்களிடம் கேட்டுக்கொள்வது

மருத்துவரிடம் போகும்போது ஒரு பையில் நீங்கள் தினமும் தொடும், பூசும், சாப்பிடும் பொருள்களை எடுத்துப் போங்கள். சோப்பு, தைலம், தலைச்சாயம், பொட்டு அட்டை, குங்குமச் சிமிழ், கிரீம், ஊர் மருந்து எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பொருளைக் காட்டினால் போதும். எந்த இடத்தில், எப்போது அரிக்கத் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். தமிழில் பேசினால்தான் வசதி என்றால், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தவருக்குக் கொடுத்த கிரீமை நீங்கள் போடாதீர்கள். அதில் வீரியமான மருந்து இருந்தால் தோல் மெலிந்துவிடும். எல்லா அரிப்பும் ஒவ்வாமை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். சிரங்கு, சிறுநீரக நோய், ஈரல் நோய் ஆகியவற்றாலும் அரிக்கும். அதனால்தான் நாமே முடிவு செய்யாமல் காட்டச் சொல்கிறோம். முகம், நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் உடனே 995-ஐ அழையுங்கள்.

உங்களுக்கு எதை விடச் சொல்லிவிடுவார்கள் என்று பயமோ, அதைத்தான் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஏதாவது வழி இருக்கும்.

அம்மாவின் நெஞ்சில் இருந்த புண் சில வாரங்களில் ஆறிவிட்டது. ஊக்குகள் இப்போது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கின்றன. கோயிலில் யாராவது கேட்டால் கொடுக்கக் கையில் இல்லையே என்பதுதான் இப்போது அவருக்குள்ள ஒரே குறை. அதற்காகக் கைப்பையில் நான்கு போட்டு வைத்திருக்கிறார்.